குணவதியின் பச்சைப் புள்ளி

உங்கள் ஃபோனில் சார்ஜ் இப்போது ஒழுங்காக நிற்கிறதா, ஃபாதர்? பழைய பேட்டரி உப்பிப்போயிருந்தது. நல்லவேளை, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்து ஆறு வருடமாகிறது. திகாம் பத்துவில் ஃபோன் கடை வைத்திருப்பவனுக்குப் பாவம் செய்யக்கூட நேரமில்லை என்று என் மனைவி கேலி செய்வாள்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ரிப்பேருக்கு வரும் ஃபோனின் முதுகில் டேப் ஒட்டி, பெயரையும் பூட்டு எண்ணையும் எழுதுவேன். சனங்கள் கூசாமல் சொல்வார்கள். அந்த டேப்புகளை நான் எறிவதில்லை.

எஸ்டேட் விற்பனையில் நடந்த தில்லுமுல்லை எழுதிய செய்தித்தளத்தை அரசாங்கம் முடக்கியபோது எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள்.

"எர்னஸ்ட் அண்ணே, இந்தப் பக்கம் திறக்க மாட்டேங்குதுலா. ஏதாச்சும் பண்ணுங்க."

பண்ணினேன். தடையைச் சுற்றிக்கொண்டு போகும் விபிஎன், என் சொந்த சர்வரில், இலவசமாக. வெளிநாட்டுக்காரன் கொடுப்பதைப் போட்டால் அவன் நம் சனங்களை வேவு பார்ப்பான். அதை நான் எப்படிப் பொறுப்பேன்? என் கணினியிலும் ஃபோனிலும் அறுபத்திரண்டு பெயர்கள் இருந்தன. இணைப்பில் இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சாம்பல். யார் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதும் தெரியும். வேவு என்று சொல்லாதீர்கள், அக்கறை.

குணவதி எஸ்டேட் ஆபீஸில் கிராணி, கடிதமும் கணக்கும் எழுதுகிறவள். குடும்பங்களை வெளியேற்றச் சொல்லும் கடிதத்தை அந்தத் தளத்துக்கு அனுப்பியது அவள்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவள் புள்ளி சாம்பலாயிற்று. ஒரு நாள், இரண்டு நாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஃபாதர். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். பூசையில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றபடியும் பார்த்தேன். கடைசியில் பசாரில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"கூலிம் ஃபேக்டரில வேலை செய்ற கூட்டாளி வேற ஒண்ணு போட்டுக் குடுத்தா அண்ணே. வெளிநாட்டுது. அதுதான் சேஃப்பாம்லா" என்று சிரித்தாள்.

"அந்த வெளிநாட்டுக்காரன் காட்டிக் குடுத்துடுவான்மா" என்றேன். கேட்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. வேறு நம்பரிலிருந்து எஸ்டேட் மேனேஜருக்கு அவள் பெயரை அனுப்பினேன். ஒரே வரி.

வேலை போயிற்று. வேலையோடு கொடுத்த வீடும் போயிற்று. படுத்த படுக்கையாகக் கிடந்த அவள் அப்பா அய்யாவுவைக் கட்டிலோடு தூக்கி மழையில் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். பந்தலும் நாற்காலியும் நான்தான் ஏற்பாடு செய்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் அவளே கடைக்கு வந்தாள்.

"நீங்க அப்பவே சொன்னீங்கண்ணே. நான்தான் கேக்கல. உங்களோடதையே போட்டுக் குடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டே பூட்டு எண்ணைச் சொன்னாள். டேப்பில் எழுதிக்கொண்டேன். புள்ளி பச்சையானது. பல நாள் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பாவம் என்று பார்த்தால் இவ்வளவுதான், பூசை நேரத்தில் ஃபோனைப் பார்த்தது. அதற்கு என்ன செபம் சொல்ல வேண்டும் என்று சீக்கிரம் சொல்லிவிடுங்கள், ஃபாதர். என் பட்டியலில் வாசுகி என்று இன்னொரு பெண், அவள் புள்ளி காலையிலிருந்து சாம்பலாகவே இருக்கிறது.