பிரிட்ஜுக்குள் புடவை

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் வேனில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒரே கம்பெனிச் சீருடையில் இருந்தார்கள். மூத்தவர் சாதாரணமாகச் சொன்னார்:

"புடவையெல்லாம் பிரிட்ஜுல வெச்சிட்டேன்."

"ஏன்க்கா, வெளிய வெச்சா ஊசிப்பூடுமா?" என்று சிரித்தாள் இளையவள்.

"பழைய பிரிட்ஜுடி. அஞ்சு ஸ்டாரு போட்ட புதுசு வந்த பொறவும், தண்ணி பாட்டில் வைக்க அதையும் ஓட உட்டுகினு இருந்தேன். 'ரெண்டும் ஓடினா கரண்டு எங்க மிச்சமாவும்? பழச இரும்புக் கடைல போடு'ன்னு எங்க ஊட்டுக்காரரு ஒரே சண்ட."

"அண்ணன் சொல்றது நாயந்தானே?"

"நாயந்தான். ஆனா வேலைக்குப் போயி நான் மொத மொதல்ல வாங்கின பொருளு அது. போட மனசு வர்ல. பிளக்கப் புடுங்கிட்டு பீரோவா ஆக்கிட்டேன்."

"அவரு ஒத்துகினாரா?"

"'கரண்டு குடிக்குதுன்னுதான சொன்ன? இப்ப பட்டினியாத்தான் கீது, பாரு'ன்னேன். தலைல அடிச்சிகினு வெளிய பூட்டாரு."

வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மூத்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"நேத்து தொறந்து பாக்கறேன், எம் புடவைங்க எல்லாம் கீழ காய்கறி டப்பால திணிச்சிக் கெடக்குது. மேல ரெண்டு தட்டு முழுக்க அவரு சட்டைங்க. இஸ்திரி போட்டு அடுக்கி வெச்சிகீறாரு."

அதைச் சொன்ன குரலில் கோபமே இல்லை.

"அப்ப கவலைய உடுக்கா," என்றாள் இளையவள். "இனிமே நீயே இரும்புக் கடைல போடுன்னாலும் அண்ணன் உட மாட்டாரு."