பத்துக்கு எத்தனை

நகத்தை எப்போதும் ஒட்ட வெட்டிவிடுவேன் ஐயா. புருவம், கண்ணோரம், மூக்கடி, மோவாய், கழுத்தெலும்பு என்று விரல்நுனியால் தட்டி வலியைக் குறைப்பது என் தொழில். இதுவரை ஒருவர் தோலிலும் கீறல் விழுந்ததில்லை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். வலி நகராதா? ஒவ்வொரு சுற்று முடிந்ததும் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பேன். எட்டு, ஐந்து, மூன்று என்று இறங்கும். முதுகுவலிக்காரர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டில்தான் மதிப்பில்லை. என் மனைவி தையல்காரி. "இப்படித் தட்டுற நேரத்துக்கு நாலு கதவைத் தட்டியிருந்தா நல்ல வேலை கிடைச்சிருக்கும்" என்பாள். மச்சினி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன், உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவிக்கு வலது அடிவயிற்றில் வலி. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து படுத்துவிட்டாள். டாக்டரம்மா அவள் கைபேசிக்குக் கூப்பிட்டபோது நான்தான் எடுத்தேன். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார். நன்றி சொல்லி, கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"வெறும் வாயுதானாம். உட்காரு, தட்டுறேன்."

அவள் வாயால் ஓர் எண் குறைந்து கேட்க வேண்டும். வேறு ஆசை எனக்கில்லை. அவளோ ஒன்பது என்றாள். மறுநாளும் ஒன்பதுதான். "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க" என்று என் சட்டையைப் பிடித்தாள். உள்ளங்கை ஓரத்திலும் ஒரு புள்ளி உண்டு. பிடித்த கையை விலக்கி அங்கேயும் தட்டினேன்.

சனி மாலை நாலரை மணிக்கு வலி நின்றது. "இப்ப இல்லைங்க, சுத்தமா இல்லை. உங்களைப் போய்க் கிண்டல் பண்ணினேனே" என்று அழுதாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. அதை அப்படியே படம்பிடித்து, என்னிடம் தட்டக் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு அனுப்பினேன். மச்சினிக்கும் அனுப்பினேன்.

ஞாயிறு காலை காய்ச்சல் ஏறிப் பேச்சு நின்றது. மதியத்துக்குள் போய்விட்டாள்.

டாக்டரம்மா சொன்ன அந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தேன் என்ற கெட்ட பெயர் எனக்கு வேண்டாம். "திடீர்னு வலி நின்னுபோச்சுன்னா வெடிச்சிருச்சுன்னு அர்த்தம். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க" என்றார். படம்பிடிக்கும்போது அது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள் ஐயா. பத்துக்கு எத்தனை என்று நான் கேட்கிறேன், பூஜ்யம் என்று அவளே சொல்கிறாள்.