பத்துக்குப் பத்து கொடுக்காதீர்கள்

சூலூர்க் கல்யாண மண்டபத்தைக் கார்க்காரர்களின் கூடமாக்கி நிறைந்திருக்கும் சபைக்கு என் வணக்கம். தலைமை தாங்கி, தடுமாறுகிறவர்களையும் தட்டிக்கொடுக்கும் எங்கள் ஷோரூம் முதலாளி ரங்கராஜ் ஐயா அவர்களே, சர்வீஸ் மேனேஜர் தீபக் சார் அவர்களே, கையில் கிரீஸும் கண்ணில் கனிவும் காயாத பட்டறைத் தலைவர் யூனுஸ் பாய் அவர்களே, வண்டி ஓட்டி வந்த பெரியோர்களே, பக்கத்து சீட்டில் இருந்து "மெதுவாப் போங்க" என்று சொல்லியே குடும்பம் காக்கும் தாய்மார்களே,

என் பெயர் புவனா. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் முகம் உங்களுக்குத் தெரியாது, குரல் தெரிந்திருக்கும். சர்வீஸ் முடிந்த மூன்றாம் நாள் போன் செய்து, "பத்துக்கு எத்தனை மார்க்குங்க?" என்று கேட்பவள் நான்தான். சிரிக்கிறீர்கள். படித்த காலத்தில் ஒருநாளும் பத்துக்குப் பத்து வாங்காதவள், இப்போது ஒரு நாளைக்கு நாற்பது முறை வாங்குகிறேன்.

ஜப்பான் கார் என்றால் ஒரு காலத்தில் என்ன சொன்னோம்? காட்டிலும் ஓடும், கல்லிலும் ஓடும், கவனிக்காவிட்டாலும் ஓடும் என்றோம். அன்று சர்வீஸ் சென்டரில் சோபா இல்லை. உட்காரத் தேவையும் இல்லை. இன்று குளிரூட்டிய அறை உண்டு, கொதிக்கும் காபி உண்டு, கும்பிட்டு வரவேற்க ஆளும் உண்டு. அன்று வண்டி பேசாது, ஓடும். இன்றைய வண்டி வழி சொல்கிறது, பெல்ட் போடச் சொல்கிறது, கதவைச் சாத்தச் சொல்கிறது. ஓடுவதற்குத்தான் சில நாள் யோசிக்கிறது. முதலாளி ஐயா என்னைப் பார்க்கிறார். பயப்படாதீர்கள் ஐயா, நம் வண்டியை நேசிக்கிறவள்தான் பேசுகிறேன்.

தொண்டாமுத்தூர் லட்சுமணசாமி ஐயா மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பழைய ஜப்பான் கார் பதினேழு வருடம் உழைத்ததால், அதே கம்பெனியில் புதிதாக ஒன்று வாங்கினார். அவர் மனைவி மாசாணியம்மாளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் கோவையில் டயாலிசிஸ். போகாமல் இருக்க முடியுமா? தள்ளிப்போட முடியுமா?

முதல் சர்வீஸ் முடிந்து கேட்டேன். "பத்துன்னு போட்டுக்கம்மணி" என்றார். இரண்டாம் முறை கேட்டேன். "பத்துதான். சாப்ட்டியா கண்ணு?" என்றார். மூன்றாம் முறையும் பத்து என்றார். அப்போது பின்னால் மாசாணியம்மாளின் குரல் கேட்டது.

"ஏனுங்க, முந்தாநேத்து வடவள்ளி சிக்னல்ல நின்னுபோயி, என்னைய ஆட்டோவுல ஏத்தி உட்டீங்களே, அதுக்கும் பத்தா?"

ஐயா போனைக் கையால் மூடினார். மூடியும் கேட்டது. "சும்மா இரு. கொறைச்சுச் சொன்னா அந்தப் புள்ள வேலைக்கு வெனையாகிப்போயிரும்."

நான் விடவில்லை. "ஐயா, என் வேலையை உட்டுத்தள்ளுங்க. வண்டி எத்தனை தடவைங்க நின்னுச்சு?"

"மூணு தடவைங்கம்மணி."

அந்த மூன்றையே மார்க்காகப் போட்டேன். ஆறுக்குக் கீழே போனால், மார்க் சிவப்பாகிச் சென்னைத் தலைமை அலுவலகத்தில் தெரியும். அரை மணி நேரத்தில் தீபக் சார் வந்து நின்றார்.

"ஏம்மா புவனா, இந்த வருசம் நல்ல சர்வீஸுக்குக் குடுக்கற ஷீல்டு நமக்குன்னு இருந்தோம். பத்துன்னு மாத்திப்போடு. வண்டிய நான் பாத்துக்கறேன்."

"மாத்த மாட்டேனுங்க சார்" என்றேன். மறுத்தபோதும் 'ங்க' போட்டுத்தான் மறுத்தேன். நாளை வேலை இருக்குமா என்று எனக்கே தெரியாது.

சார் தலை குனிகிறார். வேண்டாம் சார். மறுநாள் காலை அந்த வண்டியை எடுத்துவர ஆள் அனுப்பியதும் நீங்கள்தானே? அவர்களுக்கு வேறு வண்டி கொடுத்துவிட்டதும் நீங்கள்தானே?

நான்காம் நாள் சென்னையிலிருந்து என்ஜினியர் வந்தார். யூனுஸ் பாயும் அவரும் கழற்றிப் பார்த்தால், சுண்டு விரல் அளவு வயர் இணைப்பு ஒன்று சூடேறினால் விட்டுவிடுகிறது. அதே இணைப்போடு ஓடிய பத்தொன்பது வண்டிகளை அழைத்து மாற்றிக் கொடுத்தோம். அந்தப் பத்தொன்பது பேருக்கும் நானே போன் செய்தேன். பதினோரு பேர் சொன்னார்கள், "ஆமாங்கம்மணி, நம்மளுதும் நின்னுச்சு." அத்தனை பேரும் எனக்குப் பத்து போட்டவர்கள்.

யூனுஸ் பாய் ஒன்று சொன்னார். "ஜப்பான்ல கார் பண்ற எடத்துல, குறை கண்ணுல பட்டா தலைக்கு மேல தொங்கற கயித்தை இழுத்து வேலைய நிறுத்திருவாங்கம்மா. சரி பண்ணாம வண்டி நகராது." அந்தக் கயிற்றால்தான் அவர்கள் வண்டிக்குப் பேர் வந்தது. நமக்கு யார் கயிறு கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? நான் செய்கிறேனே போன், அதுதான் கயிறு. அதை இழுக்க வேண்டிய நேரத்தில், "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். உங்கள் அன்பு எனக்குச் சோறு போட்டது. மாசாணியம்மாளை நடு ரோட்டில் நிறுத்தியதும் அதே அன்புதான். என்னை நினைத்துப் பொய் சொல்லாதீர்கள். வண்டியில் வரும் உங்கள் மனைவியை நினையுங்கள், மக்களை நினையுங்கள், உங்களுக்குப் பின்னால் அதே வண்டியை வாங்கப்போகும் முகம் தெரியாதவரை நினையுங்கள். நினைத்து, உள்ளதைச் சொல்லுங்கள்.

ஷீல்டு வரவில்லை. ஏழு மாதமாக, எந்தச் செவ்வாயும் எந்த வெள்ளியும் அந்த வண்டி நிற்கவில்லை.

பேச்சை முடிக்கிறேன். என்னை மேடையேற்றிய முதலாளி ஐயாவுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. என் பேச்சுக்கு எத்தனை மார்க்குங்க?

லட்சுமணசாமி ஐயா, அதற்குள் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிவிட்டீர்களே. பக்கத்தில் இருக்கும் மாசாணியம்மா, நீங்கள் அதில் ஒரு கையைப் பிடித்து இறக்கிவிட்டீர்கள்.

ஐந்து. வாங்கிக்கொள்கிறேனுங்க அம்மா. அனைவருக்கும் வணக்கம்.