இடது பக்கம் மங்கல்

– உள்ள வாயேன். உன் வீட்டுக்கு நீ வர இவ்வளவு யோசனையா?

– நான் வீட்டுக்கு வரலை. ஸ்டூடியோவுக்கு வந்திருக்கேன்.

– முன் ரூம் ஸ்டூடியோ, பின் ரூம் வீடு. ரெண்டுக்கும் வாசல் ஒண்ணுதானே...

– இந்த முன் ரூமைத் தாண்ட மாட்டேன். லென்ஸ் எங்க?

– தண்ணியாவது குடிச்சிட்டு...

– அக்கா வீட்டுல குடிச்சிட்டுத்தான் கிளம்பினேன். லென்ஸ்!

– இந்தா, கேமராவோட இருக்கு. பார்த்து, கனம்.

– எனக்கே சொல்றீங்களா? பட்டமளிப்பு விழா முழுக்க இதைத் தூக்கிட்டு நின்னவ நான். கடைசியில எனக்கும் ஒரு பட்டம் கொடுத்தீங்களே, அத்தனை பேர் முன்னாடி!

– அதை விடேன்...

– எப்படி விடறது? காலேஜ் முதல்வர், கூட நாலு வாத்தியாருங்க. அவங்ககிட்ட என்ன சொன்னீங்க? "மன்னிச்சுக்கங்க சார், என் வீட்டுக்காரி எடுத்தது, அவளுக்குக் கை நடுங்கும்." எனக்கா நடுங்கும்? ஊசியில நூல் கோக்கணும்னா உங்கம்மாவே என்னைத்தானே கூப்பிடுவாங்க!

– போட்டோ எல்லாம் மங்கல்னு அவர் கத்தினாரு. எனக்கு ஒண்ணும் ஓடலை. வாயில வந்துடுச்சு...

– வாயில வர்றதுக்கு நான்தான் கிடைச்சேனா? லென்ஸ் மேல சொல்லியிருக்கலாம்ல?

– புது லென்ஸாச்சேன்னு...

– ஆமா. புது லென்ஸைக் குறை சொன்னா மனசு வலிக்கும். பழைய பொண்டாட்டியைச் சொன்னா வலிக்காது.

– பழைய பொண்டாட்டியா? என்னமோ புதுசா ஒருத்தி இருக்கிற மாதிரி...

– சிரிக்காதீங்க! நான் சண்டைக்கு வந்திருக்கேன். டெஸ்டுக்கு நியூஸ் பேப்பர் ஒட்டியாச்சா?

– சுவர் முழுக்க ஒட்டிட்டேன். லென்ஸை டெஸ்ட் பண்ண வர்றேன்னு நீ காலையில ஃபோன் பண்ணினதுமே.

– கேமராவை ஸ்டாண்டுல மாட்டுங்க. இனிமே நான் தொட மாட்டேன். தொட்டா, என் கைதான் ஆடிச்சும்பீங்க. நீங்களும் பட்டனை அமுக்க வேணாம், டைமர் வைங்க.

– ஜூம்?

– முழு ஜூம். வெளிச்சம் நுழையற அப்பர்ச்சரையும் முழுசாத் திறந்துடுங்க. அன்னைக்கு அந்த இருட்டு ஹால்ல எப்படி எடுத்தேனோ, அப்படியே.

– ...எடுத்தாச்சு.

– கம்ப்யூட்டர்ல போடுங்க. பெருசாக்குங்க. வலது பக்கம்... ம், பொடி எழுத்துகூடப் படிக்க முடியுது. நடுவுல பரவாயில்லை. இப்ப இடது பக்கம் போங்க. போங்கன்னா!

– போறேன், போறேன்...

– பாருங்க! எழுத்தா அது? ஈரத்துணியில மை ஊறின மாதிரி இருக்கு.

– ஸ்டாண்டு கொஞ்சம் கோணலா நின்னிருந்தாலும்...

– இப்பவும் லென்ஸுக்கு வக்கீலா? சரி, கேமராவைத் திருப்பிக் குத்துவாக்கில வைங்க. ஸ்டாண்டு கோணல்னா, பேப்பர்ல அதே இடது பக்கம்தான் மங்கும். லென்ஸ் கோளாறுன்னா மங்கலும் கூடவே திரும்பும்.

– ...ம். எடுத்தாச்சு.

– இப்ப எங்க மங்குது?

– கீழ.

– காதுல விழலை.

– கீழ மங்குது! லென்ஸ்தான்! உள்ள ஏதோ ஒரு கண்ணாடி சாய்ஞ்சு உக்காந்திருக்கு. உன் கை நடுங்கலை. போதுமா?

– போதாது. முதல்வர்கிட்டயும் இதே சத்தத்துல சொல்லணும்.

– சொல்றேன். அந்த நாலு வாத்தியாருங்களையும் கூப்பிட்டு வச்சே சொல்றேன்.

– மேல மட்டும் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு, தேதி உட்பட... இருங்க. இது என்ன தேதி?

– எது?

– பேப்பர் தேதி. நான் அக்கா வீட்டுக்குப் போனேன்ல, அதுக்கு மறுநாள் பேப்பர் இது.

– பழைய பேப்பர் கட்டுல கைக்கு வந்ததை எடுத்து...

– காலையில ஒட்டின டேப்பா இது? ஓரமெல்லாம் தூசி அப்பியிருக்கு. முழிக்காம பதில் சொல்லுங்க!

– ...நீ போன மறுநாளே டெஸ்ட் பண்ணிட்டேன்.

– அடப்பாவி மனுஷா! லென்ஸ்தான்னு தெரிஞ்சும் இத்தனை நாளா வாயைத் திறக்கலையா? ஒரு ஃபோன் போட்டுச் சொன்னா என்ன?

– போட எடுத்து எடுத்து வச்சேன். ஃபோன்ல சொன்னா "சரி"ன்னு ஒரே வார்த்தையில நீ வச்சிடுவே. உன் ரோஷத்துக்கு, டெஸ்ட் பண்ணியே தீரணும்னு ஒருநாள் நீயே கிளம்பி வருவே, வந்தா முகத்தையாவது பார்க்கலாம்னு... தப்புதான். நம்ம கைதான் நடுங்கிச்சோன்னு உன்னை இவ்வளவு நாள் தவிக்க விட்டிருக்கக் கூடாது.

– நான் எங்க தவிச்சேன்?

– பின்ன?

– போன அன்னைக்கே அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்ல அந்த விழாப் போட்டோ எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேன். இடது பக்கம் நின்னு பட்டம் வாங்குற பிள்ளைங்க மட்டும்தான் மங்கல். வலது பக்கம் நின்னு கொடுக்கிறாரே முதல்வர், அவர் மீசையை முடி முடியா எண்ணலாம். கை நடுங்கியிருந்தா அந்த மீசையும் சேர்ந்துல்ல நடுங்கியிருக்கணும்? என்ன அப்படிப் பார்க்கறீங்க... வீட்டுக்கு வர எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?