மணக்குடிக் காயலில் கடைசி விமானம்

— தராசில ஏறி நில்லு அக்கா. பிளேன் காயல்ல வந்து கெடக்கு, கேட்டியா? தொர அவசரப்படுத்துறான்.

— ஏற மாட்டேன்ல ஞானதாசா. மாதாவே! நான் என்ன கருவாட்டு மூட்டையா?

— ஆள நிறுக்காம கொழும்புக்கு ஏத்த மாட்டானுவ. பாரம் கூடினா பிளேன் காயல் வெள்ளத்த விட்டு எழும்பாது. மூணு வருசமா இதயே சொல்லி எனக்க தொண்ட வத்திப் போச்சு.

— பிளேன் கம்பெனி உத்தியோகம் பாத்து நீயும் தொர மாதிரிப் பேசுற. மனுசன நிறுத்தா அது துலாபாரம்ல. எடைக்கு எடை கோயிலுக்குக் கொடுக்கணும். கொடுக்கல்லன்னா அந்தக் கடன் சும்மா விடாது.

— இந்தப் பேச்சுதான் கம்பெனிய முழுங்கிச்சு. முப்பத்தஞ்சுல மொத பிளேன் வந்து எறங்கினப்போ ஊரே கரையில நின்னுது. சாமியாரு கோயில் மணி அடிக்கச் சொன்னாரு. பாக்க வந்தது ஊரு, ஏற வந்தது நாலு பேரு.

— கோட்டாத்து ஜவுளிக்கடை நாராயணபெருமாள் அன்னைக்கு ஏறினாரே. திரும்பி வந்ததும் காச்சல்ல விழல்லியா?

— மழையில நனைஞ்சாரு, காச்சல் வந்துது.

— பொறவு எதுக்கு அம்பலத்துல எடைக்கு எடை வாழக்கொல கொடுத்தாரு?

— அவரு கொடுத்தாரு, பொறவு கோட்டாத்துலேருந்து ஒரு குருவி வரல்ல. தேயிலத் தோட்டத்துக் கங்காணிமாரு மட்டும் வந்து போனாவ. ஆடிக் கடல்ல பாதி ஓட்டம் நின்னுது, மீதி ஓட்டத்துல சீட்டு காலி. இன்னைக்கோட எல்லாம் முடிஞ்சுது. இனி பிளேன் வராது அக்கா.

— கொழும்புல எனக்க மவ குளோரிக்கு இது மூணாவது பேறு. முந்தின ரெண்டும் தங்கல்ல.

— அதுக்குத்தானே சொல்லுதேன். அம்மா வேணும்னு தந்தி அடிச்சிருக்கா. ரயிலு, கப்பலுன்னு நீ போய்ச் சேரும்போ பேறு கழிஞ்சிருக்கும். இதுல ஏறினா மத்தியானம் அவ பக்கத்துல இருப்ப.

— எனக்கு மட்டும் ஆசையில்லியா? கடன வச்சிட்டுப் போய் அந்தப் பிள்ளய எப்படிக் கையில வாங்குவேன்? எனக்க கடன் அதுக்க தலையில விடிஞ்சா? பயமா, பேடியா இருக்கு மக்கா.

— அக்கா, நாராயணபெருமாளுக்குப் பொறவு ஏறினவங்க ஒருத்தருக்காவது தலைவலி வந்துதுன்னு கேட்டியா?

— கேக்கல்ல. எனக்கும் அது அதிசயந்தான். மாதா பொறுத்துக்கிட்டா போல.

— மாதா எதுக்குப் பொறுக்கணும்? அவருக்குக் காச்சல்னு கேட்ட அன்னைக்கே எனக்கும் பேடி கேறிச்சு. பொறவு ஏறின ஒவ்வொருத்தருக்கும் எடைக்கு எடை உப்பு நான் கோயில்ல கொட்டியாச்சு. உனக்கு உள்ள உப்ப நேத்தே கொண்டு வச்சேன், கொஞ்சம் கூடுதலாவே. ஏறு அக்கா.