இனியாவின் வருகைப் பதிவு

எனக்குச் சிவப்பு மை பிடிக்காது, ஐயா. அதைக் கண்டாலே பிள்ளைகளின் முகம் வாடிவிடும். விடைத்தாள்களைப் பென்சிலில்தான் திருத்துவேன். ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. காலையில் பள்ளிப் பிள்ளையாருக்கு ஒரு செம்பருத்தி வைத்து, இன்றைக்கு யார் மனமும் என்னால் நோகக் கூடாது என்று வேண்டிக்கொண்ட பிறகுதான் வருகைப் பதிவேட்டைத் திறப்பேன்.

இனியா என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பதினான்கு வயது. காலாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. அவளுடைய அப்பா ராசப்பன், எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்பவர், என் வீட்டுக்கே வந்தார்.

"டீச்சருங்க, புள்ளைக்குக் கல்யாணம் முடிச்சுட்டனுங்க. ஜலகண்டாபுரத்துல மாப்பிள்ளை, சொந்தத் தறி வெச்சிருக்காருங்க. பேரை மட்டும் எடுத்துப்போடாதீங்க. எடுத்தா ஆபீசருங்க ஊட்டுக்கு வந்துருவாங்க."

"பதினாலு வயசுதானுங்களே?"

"நல்ல எடமுங்க. உட்டுப்போட்டா மறுக்கா வருமுங்களா?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு தகப்பன் அப்படி நிற்கும்போது எனக்கு மறுக்கத் தெரியாது.

பெயர் இருந்தால் வருகை போட வேண்டும். வருகை இருந்தால் மதிப்பெண் போட வேண்டும். மனம்போன போக்கில் போட்டேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும், கணக்கு வராது. அரையாண்டுத் தேர்வில் தமிழுக்கு எழுபத்தெட்டு போட்டேன், கணக்குக்கு நாற்பத்தொன்று. கணக்குக்கும் எழுபது போட்டிருக்கலாம். அது நேர்மையாகாது. மார்கழிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் இரண்டு நாள் மருத்துவ விடுப்பும் எழுதினேன். முன்னேற்ற அட்டையில் 'கணக்கில் இன்னும் கவனம் தேவை' என்று குறித்தேன். பாதியில் நின்ற பிள்ளையே இல்லாத வகுப்பு என்று தலைமையாசிரியர் முருகானந்தம் இறைவணக்கக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்.

மாசி மாதத்தில் இனியாவே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். அங்கிருந்து விசாரிக்க ஓர் அம்மையார் பள்ளிக்கு வந்தார். பதிவேட்டைக் காட்டினேன்.

"இந்தக் காலத்துல இத்தன சுத்தமா யாருங்க எழுதறாங்க?" என்றார்.

பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பதிவேடு அவ்வளவு தெளிவாக இருந்தது. பொய்ப் புகார் என்று எழுதிக்கொண்டு, என்னிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் இனியா பஸ் மாறி மாறிப் பள்ளி வாசலுக்கு வந்து நின்றாள். கை நிறைய வளையல். ஒரு கண் வீங்கியிருந்தது.

"டீச்சர், அந்த ஆபீசுல இருந்து திருப்பிக் கூப்புட்டப்ப அவரு போனை எடுத்துட்டாருங்க. எல்லாந் தெரிஞ்சுபோச்சுங்க. நான் பள்ளிக்கூடத்துக்கு வாரதில்லீன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா நம்புவாங்க."

"உம்பேரை இத்தன நாளா பத்தரமா வெச்சிருக்கறேன் சாமி. அதைக் கெடுத்துக்கலாமா?"

"அதுல வாரது நானில்லீங்க டீச்சர்."

பசியில் பேசுகிறாள் என்று தோன்றியது. என் தயிர்சாதத்தைக் கொடுத்தேன். கோயில் விபூதியை நெற்றியில் பூசி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, நானே ஏற்றிவிட்டேன். ஜன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுக்கும்படி கண்டக்டரிடமும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள் என்கிறீர்கள். அன்று காலையும் வருகை போட்டிருக்கிறதே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதல் மணி அடித்தபோது எனக்கு விஷயம் தெரியாது, ஐயா. மதியம்தான் ராசப்பன் போன் செய்தார். உடனே பதிவேட்டை எடுத்துப் பிற்பகலுக்கு விடுப்பு எழுதிவிட்டேன்.

தெரிந்த பிறகும் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.