ஈரத் துணிக்கு அந்தப் பக்கம்

மாலை ஆறு மணி தாண்டி ஏழெட்டு நிமிஷம். ராயபுரம் ரயிலடியை விட்டுக் கடலைப் பார்த்துப் போகிற ஒரு சந்து. இடது பக்கம் கிடங்குச் சுவர், வலது பக்கம் கவிழ்த்துப் போட்ட படகுகள். ஆள் நடமாட்டம் கிடையாது... அலைச் சத்தம் மட்டும். அந்தச் சந்தில் ஒரு கைவண்டி வருகிறது. வண்டியில் ஒரு மரப்பெட்டி. பெட்டியை ஒரு கையால் அணைத்தபடி கூடவே நடந்து வருகிறார் காஜா மொய்தீன்.

அவர் என் தோழன் உசேனுக்குப் பெரியப்பா. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, வெங்காயம், கயிறு என்று சாமான் போடுகிறவர். இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில். நெருங்கி உட்காருங்கள். உசேன் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

பெட்டிக்குள் இருந்தது பயாஸ்கோப் மெஷின். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு கப்பல் இன்ஜினீயர் நாலு படச் சுருளோடு கொடுத்துவிட்டுப் போனது. கைப்பிடியைச் சுற்றினால் படம் ஓடும். வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு. பேச்சு, பாட்டு ஒன்றும் கிடையாது.

காஜா மொய்தீன் அதைத் தனக்கென்று வாங்கவில்லை. தங்கை சாபிராவுக்காக வாங்கினார்.

சாபிராவின் கணவர் ரஹீம் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினவர்... போனவர் போனவர்தான். கடிதம் இல்லை, ஆள் மூலம் சேதியும் இல்லை. நாலு வருஷம் இப்படிப் போய்விட்டால் அவரை இல்லாதவராக வைத்துப் பெண்ணுக்கு வேறு நிக்காஹ் செய்யலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். அந்த நாலு வருஷம் முடிய இன்னும் பதினாறு நாள். மாப்பிள்ளைகூடப் பார்த்தாகிவிட்டது. சாபிரா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டாள். "அவரு வருவாரு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எதையாவது காட்டி அவளை ஒருவேளை சாப்பிட வைத்தால் போதும் என்றிருந்தது அண்ணனுக்கு.

முதல் நாள் கூடத்துச் சுவரில் படத்தை ஓட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு சௌக்கத் அலி பாயில் சாய்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னா மாமு, சொவத்துல பூசணம் ஆடுது. இத்தப் பாக்கவா கூப்ட்டே?"

உள்ளிருந்து காஜாவின் மனைவி ஜெரினா குரல் கொடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் பாத்துகினு குந்துங்க. எங்களுக்கு அடுப்பாண்ட வேற பயாஸ்கோப் ஓடுது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெளி ஆண்கள் இருக்கும்போது பெண்கள் கூடத்துக்கு வருவதில்லை. பெண்கள் அறைக்குள் அண்ணன் தம்பியானாலும், உள்ளேயிருந்து "வாங்க" என்று ஒரு குரல் வராமல் காலை வைப்பதில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி.

மறுநாள் காஜா மொய்தீன் கடைக்கே போகவில்லை. ஜன்னல் இரண்டுக்கும் தார் பூசின கோணி அடித்தார். ஓட்டுச் சந்தில் கசிந்த வெளிச்சத்தைச் சாக்கு வைத்து அடைத்தார். கூடத்துக்கும் பெண்கள் அறைக்கும் நடுவிலிருந்த கதவைக் கழற்றிவிட்டு, அந்த வாசல் நிலையில் தையலே இல்லாத மல் துணி ஒன்றை விறைப்பாக இழுத்துக் கட்டினார். சர்க்கரைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மெஷின். துணிக்கும் மெஷினுக்கும் பத்தடி. கடைசியாகக் கிணற்றுத் தண்ணீரை வாரித் துணியில் அடித்தார். உலர்ந்த துணி வெளிச்சத்தை நிறுத்திவிடும், நனைந்தது விட்டுக்கொடுக்கும். கொட்டகையில் பார்த்து வைத்த வித்தை. ஒரே படம் இரண்டு பக்கமும் தெரியும். ஆண்கள் கூடத்தில், பெண்கள் துணிக்கு அந்தப் பக்கம். அங்கே இடது வலதாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். கிர்ர்... கிர்ர்... என்று கைப்பிடி. கார்பைடு வாடை, அழுகின பூண்டு மாதிரி. துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுகிற சத்தம். முதல் மூன்று சுருளில் நாய், ரயில், குட்டையில் விழுகிற தடியன். தடியன் விழுந்ததும் அந்தப் பக்கம் சாபிரா சிரித்தாள். காஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலாவது சுருள் ஏதோ ஒரு துறைமுகம். கப்பல். அதில் சார்த்தின ஏணி. மூட்டையோடு ஜனங்கள் ஏறுகிறார்கள்...

"அண்ணே. நிறுத்து."

சாபிராவின் குரல்.

"நிறுத்தினா சுருள் பத்திக்கும்மா. இன்னா?"

"அவரு நிக்கறாரு. ஏணிக்குக் கீழே."

காஜா பார்த்தார். ஏணிக்குக் கீழே யாரும் இல்லை. சௌக்கத் அலியும் உதட்டைப் பிதுக்கினார். சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினார்கள். இல்லை. "வந்து பாரேன்" என்றாள் அவள்.

கைப்பிடியை சௌக்கத்திடம் கொடுத்துவிட்டுக் காஜா துணியின் ஓரத்துக்குப் போனார். "வாங்க" என்று ஜெரினா சொன்ன பிறகு துணியின் முனையை விலக்கினார். ஒரு கண்ணுக்குக் கூடத்துப் பக்கம், ஒரு கண்ணுக்கு உள் பக்கம். கூடத்துப் பக்கம் ஏணியடி காலி. உள் பக்கம்... ஒருவர் நிற்கிறார். எல்லோரும் கப்பலைப் பார்த்து ஏற, அவர் மட்டும் முதுகைக் கப்பலுக்குக் காட்டி இந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார். சந்தேகமே இல்லை, ரஹீம்தான்.

அன்றைக்கு சாபிரா இரண்டு கை சோறு சாப்பிட்டாள்.

சாப்பாடு ஆனதும் ஜெரினா கணவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "உசுரோட கீற ஆளு துணியில எதுக்கு நிக்கணும்? நாளைக்கு ஓட்டாதீங்க."

"சாபிரா துன்னுதே. அத்தப் பாத்தியா நீ?" என்றார் அவர்.

மறுநாளும் ஓட்டினார். கூடத்துப் பக்கம் அதே கப்பல், அதே ஜனம். உள் பக்கம் ரஹீம் ஏணியை விட்டு நடந்து வந்திருந்தார். இடுப்புக்கு மேல்தான் துணியில் இருந்தது. மூன்றாம் நாள் முகம் மட்டும். நிலையின் அகலத்துக்கு முகம். ஜெரினா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். காஜா கைப்பிடியை வேகமாகச் சுற்றினார், எப்படியாவது சுருள் முடிந்தால் போதுமென்று.

முடிகிற நேரத்தில் உள்ளிருந்து சாபிரா சாதாரணமாக, விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"வாங்க."

சளப்... என்று ஒரு சத்தம். ஈரத் துணியைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு யாரோ போனால் எப்படியிருக்கும், அப்படி. விளக்கு அணைந்தது.

காஜா தீக்குச்சி கிழித்துக்கொண்டு ஓடினார். அறையில் சாபிரா மட்டும் உட்கார்ந்திருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் பாய் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு நனைந்திருந்தது. வெளிக் கதவு, ஜன்னல் எல்லாம் உள்தாழ்.

அதற்கப்புறம் அந்தச் சுருளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கப்பலும் ஜனங்களும்தான். துணியைக் கழற்றிப் பழையபடி கதவை மாட்டி, திரையும் தொங்கவிட்டார்கள். சாபிரா நன்றாகச் சாப்பிட்டாள், பூ வைத்துக்கொண்டாள். இரண்டு தட்டு கேட்டு வாங்கிப் போனாள். இரண்டும் காலியாகத் திரும்பின. ஜெரினா தன் பாயை அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டாள். ஏன் என்று காஜா கேட்டார்.

"அங்க படுக்க எடமில்ல" என்றாள்.

பதினாறாம் நாள். ஹஜ்ரத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டிய நாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து காஜா மொய்தீன் வாசலில் செருப்பை விடுகிறார், ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. தகரப்பெட்டியோடு ஓர் ஆள் இறங்கினார். கறுத்து, இளைத்து, தாடி நரைத்து... ரஹீம். பர்மாவில் மோல்மேன் பக்கம் மரக்காட்டில் மாட்டிக்கொண்டு, காய்ச்சலில் விழுந்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஆளே இல்லாத இடத்தில் நாலு வருஷம். காஜா அவர் கையைப் பிடித்தார். சூடான கை. தோளைத் தொட்டார். எலும்பும் சதையுமான தோள். கட்டிக்கொண்டு அழுதார். ஜட்காக்காரன் கூலிக்கு நிற்பதைக்கூட மறந்து உள்ளே ஓடித் திரைக்கு முன் நின்றார்.

"சாபிரா... உன் வூட்டுக்காரரு வந்துட்டாரும்மா. நல்லபடியா வந்துட்டாரு."

 உள்ளிருந்து அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இன்னாண்ணே இது. அவரு வந்து பத்து நாளுக்கு மேல ஆவுதே. இப்பத்தான் கண்ணசந்தாரு. யாரோ என்னமோ, வூட்டாண்ட சேத்துக்காதே, மெதுவா பேசு."

ரஹீம் கூடத்து நடுவில் வந்து நின்றார், தகரப்பெட்டியைக் கீழே வைக்காமலே.

திரைக்குப் பின்னால் பாய் சரசரத்தது. யாரோ புரண்டு எழுந்து உட்காருகிற சத்தம். தூக்கம் கலைந்த ஆண் குரல் ஒன்று கேட்டது.

"யாரு சாபிரா, வந்திருக்கிறது?"

அது ரஹீமின் குரல். கூடத்தில் நின்ற ரஹீம் வாயைத் திறக்கவில்லை.